பன்னிரண்டு நாளா, மூன்று நாளா, தினமும் அரை மணியா?

கோயம்புத்தூரிலிருந்து சித்தி பெண் போன வாரம் போன் செய்தாள். "அக்கா, ஜூன்ல பன்னெண்டு நாள் லீவு சேர்த்து எடுக்க முடியும்போல இருக்கு. எங்கயாவது போய் அமைதியா இருந்துட்டு வரணும். நீதான் எல்லா இடத்துக்கும் போயிருக்கியே, எது நல்லது?"

எல்லா இடத்துக்கும் என்பது கொஞ்சம் அதிகம். நான்கு வழிகளை முயன்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் எனக்கு வேலை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்துவிட்டால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய் உள்ள மாமியார், பாதி மாதம் ஊர் ஊராகச் சுற்றும் கணவர். ஐந்து வருடம் முன்பு ஒருநாள் லாக்கர் அறைச் சாவியை ஃப்ரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன். அன்றைக்குத்தான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது.

அவளிடம் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பீர்கள்.

முதலில் மலைவாசஸ்தலத்தை முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. எல்லோரும் முதலில் நினைப்பது அதைத்தான். நாங்களும் கொடைக்கானல் போனோம். இரவு ரயிலில் கொடை ரோடு, அங்கிருந்து 80 கிலோமீட்டர் மலைப்பாதை, பிள்ளைகள் இரண்டு முறை வாந்தி. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏற முடியாது. உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது அது. அப்படியும் கூட்டம் அடங்காமல், 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பு போட்டார்கள். நீலகிரிக்கு 6,000, 8,000. வரம்புக்குப் பிறகே இவ்வளவு என்றால் மலையில் என்ன அமைதி மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் இருந்தது, பிள்ளைகளுக்குச் சந்தோஷம், படங்கள் நன்றாக வந்தன. நான்கு பேருக்கு 38,000 ரூபாய் ஆனது. ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஆபீஸ் வாட்ஸாப் குழுவுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றுலாவாக அது நன்றாகத்தான் இருந்தது. ஓய்வு என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில். 46 கிலோமீட்டரை ஏறக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம், அதைப் பற்றிக்கொண்டு ஏறும் பல்சக்கரம். வேகமாகப் போக நினைத்தாலும் போக முடியாது. சுரங்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் எல்லா பெட்டியிலும் பிள்ளைகள் கத்துவார்கள். அந்தச் சத்தத்திலும் என்னவோ மனது அடங்கியது. டிக்கெட்தான் லேசில் கிடைக்காது.

அடுத்தது பன்னிரண்டு நாள் வழி. சித்தி பெண் மனதில் வைத்திருப்பதும் இதுதான் என்று எனக்குத் தெரியும். கோயங்கா வழியில் கற்றுத்தரும் விபாசனா தியான முகாம். பத்து நாள் முகாம் என்று பெயர். போகும் நாளையும் பதினோராம் நாள் காலை கிளம்புவதையும் சேர்த்தால் பன்னிரண்டு நாள் லீவு வேண்டும். சென்னையில் திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' என்ற மையம் இருக்கிறது. பதிவு முன்கூட்டியே செய்ய வேண்டும்.

கோயங்கா 1924-ல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலிக்கு வைத்தியம் தேடி அலைந்து, கடைசியில் ஊ பா கின் என்பவரிடம் தியானம் கற்றார். 1969-ல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். எனக்குப் பிடித்தது அந்த ஊ பா கின்னின் கதை. அவர் சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல். தன் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லித்தந்தவர். லெட்ஜருக்கும் ஆடிட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு மனிதரிடமிருந்து இது வந்தது என்று படித்ததும், துறவிகள் சமாசாரம் என்று எனக்கு இருந்த பயம் பாதி போய்விட்டது.

உள்ளே நுழைந்ததும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். புத்தகம், பேனா, நோட்டு எதுவும் கூடாது. பேச்சு கிடையாது, சைகை, கண்ஜாடைகூடக் கூடாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், வசதிக் குறைவு இருந்தால் பணியாளரிடம் சொல்லலாம். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30-லிருந்து இரவு 9 வரை, சாப்பாட்டு இடைவேளை போக, நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். மதியச் சாப்பாடு 11 மணிக்கு. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் டீயும், அவ்வளவுதான். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு போவதையும் வருவதையும் கவனிப்பது மட்டும். நான்காம் நாள்தான் விபாசனா: தலை முதல் கால் வரை உடம்பில் எழும் உணர்ச்சிகளை, நல்லது கெட்டது என்று தள்ளாமல் பார்ப்பது. அன்றிலிருந்து தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கையையோ காலையோ அசைக்காமல் உட்காரச் சொல்வார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நல்லவிதமாக மட்டும் எழுத எனக்கு வராது. முட்டி எரிந்தது. ஐந்தாம் நாள் என் சிந்தனை முழுக்க, பெரியவனின் யூனிஃபார்ம் பேண்ட்டுக்கு ஓரம் பிரித்துத் தைக்கக் கொடுத்தேனா இல்லையா என்பதுதான். ஆறாம் நாள், எட்டு வருடம் முன்பு ஒரு மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை வந்து உட்கார்ந்துகொண்டு போகவே இல்லை. அழுதேன். ஏழாம் நாள் மாலை ஏதோ ஒன்று தளர்ந்தது. அதை விவரித்தால் அதிகப்படியாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் அந்தக் கூடத்தில் பாதிப் பேர் உட்கார்ந்தபடி தூங்கினோம். ஒன்பதரைக்கு விளக்கணைத்தால் நான்கு வரை ஆறரை மணி நேரத் தூக்கம். வீட்டில் எனக்கு அது கிடைத்ததே இல்லை. முகாமில் வந்த தெளிவில் எவ்வளவு தியானத்தால், எவ்வளவு பதினோரு இரவு ஒழுங்காகத் தூங்கியதால் என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கட்டணம் கிடையாது. முகாமை முடித்தவர்கள் விரும்பினால் அடுத்து வருபவர்களுக்காக நன்கொடை தரலாம். ஆனால் செலவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நான் வீட்டில் இல்லாத பன்னிரண்டு நாளும் என் மாமியார் மூன்று வேளையும் சமைத்தார். கணவர் வேலையில் கெஞ்சிக் கூத்தாடி ஊர்ப் பயணத்தைத் தள்ளி வைத்தார். சின்னவளுக்கு நடுவில் காய்ச்சல் வந்து போயிருக்கிறது. அவசரமென்றால் மையத்துக்குச் சொல்ல வழி உண்டு, ஆனால் "நீ நிம்மதியா இருக்கட்டும்னுதான் சொல்லல" என்றார் மாமியார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு நன்கொடை எழுதுவது? ஓர் ஆள் ஓடுவதை நிறுத்தினால் அந்த ஓட்டத்தை வீட்டில் வேறொருவர் ஓடுகிறார். யார் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

அப்புறம், திரும்பி வந்தபின் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி தொடர்ந்து செய்யச் சொல்கிறார்கள். நான் பதினேழு நாள் செய்தேன். பதினெட்டாம் நாள் கிளையில் ஆடிட் தொடங்கியது.

மூன்றாவது வழி திருவண்ணாமலை. ரமணாசிரமத்துக்கு முன்பே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினால் தங்க இடம் கிடைக்கும். பொதுவாக மூன்று நாள்வரை. தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கேட்பதில்லை. சென்னையிலிருந்து பஸ்ஸில் நாலு, நாலரை மணி நேரம். வெள்ளி இரவு கிளம்பி, திங்கட்கிழமைக்கு மட்டும் லீவு போட்டால் போதும்.

இதற்கும் விபாசனாவுக்கும் உள்ள வித்தியாசம், இங்கே யாரும் உங்களை எதுவும் செய்யச் சொல்வதில்லை. சாப்பாட்டு மணிக்கு இலை போடுவார்கள், காலையில் வேத பாராயணம், மாலையில் தமிழ்ப் பாராயணம். போனால் போகலாம், போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. ரமணர் பல ஆண்டுகள் இருந்த பழைய ஹாலில் போய் உட்காரலாம். வெளியே மயில் கத்தும், குரங்கு பையைப் பிடுங்கும். ஆசிரமத்துக்குப் பின்பக்கமாகக் கல் பாவிய பாதையில் ஏறினால் முக்கால் மணிக்குள் கந்தாசிரமம். 1916 முதல் 1922 வரை ரமணர் அங்கேதான் இருந்தார். வழியில் ஓரிடத்தில் திரும்பிப் பார்த்தால் அண்ணாமலையார் கோயில் முழுக்க, ஒன்பது கோபுரமும், காலடியில் கோலம் போட்டதுபோல் கிடக்கும். அங்கே ஒரு பாறையில் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். எதையும் கவனிக்க முயலவில்லை. வெயில் ஏறியதும் இறங்கிவிட்டேன்.

ஆனால் இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒத்துவராது. முதல் நாள் முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் கையில் இருந்தது. யாரும் வாங்கி வைக்கவில்லையே. மதியம் சாப்பிட்டுவிட்டு அறையில் படுத்து இரண்டு மணி நேரம் சமையல் வீடியோ பார்த்தேன். ரமணாசிரமத்துக்குப் போய் செட்டிநாட்டுக் கோழி வறுவல் செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இரண்டாம் நாள்தான் போனை அணைத்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

கிரிவலம் 14 கிலோமீட்டர், செருப்பில்லாமல் நிதானமாக நடந்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அமைதி வேண்டுமென்றால் பௌர்ணமியில் போகாதீர்கள், லட்சக்கணக்கில் கூட்டம் என்று எழுதத்தான் நினைத்தேன். என் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் பௌர்ணமிக்கு மட்டும்தான் போவாள். "அவ்ளோ பேரு நடக்கறப்ப நான் நடக்கறதே எனக்குத் தெரியலடி" என்பாள். அவளுக்கு அமைதி என்றால் கூட்டத்தில் கரைந்துபோவது. எனக்கோ அடுத்தவர் முழங்கை படாமல் இருப்பது. சாதாரண நாளில் விடியற்காலை நடந்தால் இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம்வரை எட்டையும் நின்று பார்க்கலாம். ஒன்பது மணிக்கு மேல் அதே சாலையில் பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்.

நான்காவது வழிக்கு லீவே வேண்டாம், அதனால் யாருக்கும் அதன்மேல் மரியாதை இல்லை. காலையில் வீட்டிலேயே அரை மணி. நான் ஐந்தேகால் மணிக்கு மொட்டை மாடிக்குப் போகிறேன். போன் அரிசி டப்பாவுக்குள் இருக்கும். இது உருவகம் இல்லை, உண்மையாகவே அரிசி டப்பாவுக்குள்தான். இருபது நிமிடம் மாடியிலேயே சுற்றி நடப்பேன். பூங்காவில் நடந்து பார்த்தேன், பக்கத்தில் நடப்பவரின் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் என் காதில் விழுந்தது. பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரைவாகும், விடும்போது தளரும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு செய்கிற வேலை அது. மூச்சை விடும் நேரம் நீண்டால் தளர்வும் நீள்கிறது. பேருக்கு வேகஸ் என்றாலும் அதன் வேலை வேகத்தைக் குறைப்பது.

நடக்கப் பிடித்து உட்காரப் பிடிக்காதவர்களுக்கு ஒரு செய்தி. 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 47 சோதனைகளை, மொத்தம் 3,515 பேரை, சேர்த்து அலசிய ஆய்வு வந்தது. தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் சிறிதளவு முதல் மிதமான அளவுவரை குறைக்கின்றன என்று அதில் தெரிந்தது. அதேநேரம், உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. எனக்கு இதைப் படித்தபோது பெரிய நிம்மதி. உட்கார முடியாத நாளில் முப்பது நிமிடமும் நடந்துவிடுகிறேன், குற்ற உணர்ச்சி இல்லாமல்.

இதில் கஷ்டம் என்னவென்றால், பிடித்து நிறுத்த ஆளில்லை. முகாமில் மணி அடிக்கும், ஆசிரமத்தில் மலை இருக்கும். மாடியில் காய்ந்து கிடக்கும் துணியும், தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்ற நினைப்பும்தான் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் தவறிவிடுகிறது. ஆனால் பன்னிரண்டு நாள் முகாமின் தெளிவு ஒரு மாதத்தில் கரைந்தது; மூன்று நாள் திருவண்ணாமலை ஒரு வாரம் தாங்கியது; தவறித் தவறிச் செய்யும் இந்த அரை மணி மூன்று வருடமாக நிற்கிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். முகாமுக்குப் போகாமல் இருந்திருந்தால் இதைத் தொடங்கியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது.

யாருக்கு எது என்பது, எதனால் களைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தூக்கம் போதாமல் களைத்தவருக்கு நாலு மணிக்கு மணி அடிக்கும் இடம் தண்டனை. முதலில் பத்து நாள் பத்து மணிக்குப் படுக்கட்டும். வேலையும் வீடும் சுமாராகப் போகிறது, ஆனால் தலைக்குள் ஒரு ரேடியோ நிற்காமல் ஓடுகிறது என்பவருக்கு விபாசனா. வீட்டில் சுமையை மாற்றிக்கொள்ள ஆள் இருந்து, முழுப் பத்து நாளும் இருப்பேன் என்ற உறுதியும் இருந்தால், தயங்காமல் போகலாம். நாள் முழுக்க யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் நொந்தவருக்கு, எதுவும் கேட்காத திருவண்ணாமலை.

வேறொரு வகையும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமில்லாமல் அழுகை வருகிறதென்றால் இந்த நாலும் வேண்டாம். மருத்துவரிடம் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். விபாசனா விண்ணப்பத்திலேயே மனநலச் சிக்கல் ஏதும் உண்டா என்று கேட்பார்கள். அதில் மறைக்காமல் எழுத வேண்டும். பத்து நாள் மௌனம் எல்லா மனதுக்கும் மருந்தாகாது.

சித்தி பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டேன். ஒன்று. இன்று எப்போது எழுந்தாய்? பாப்பா ஆறுக்கே எழுப்பிவிட்டாள். பன்னிரண்டு நாள் பாப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள்? கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதான் அம்மாகிட்ட இன்னும் கேக்கலக்கா" என்றாள்.

சித்திக்கு முட்டி வலி. நாலு வயதுப் பெண்ணின் பின்னால் பன்னிரண்டு நாள் ஓட முடியாது. அதனால் நான் முயன்றிராத ஐந்தாவது வழியை அவளுக்குச் சொன்னேன். பன்னிரண்டு நாளையும் ஒரேயடியாகச் செலவழிக்காதே. மாதம் ஒரு புதன்கிழமை என்று ஒரு வருடத்துக்குப் பிரித்துப் போடு. பாப்பா ஸ்கூலில் இருப்பாள், யாரும் அவளுக்காக ஓட வேண்டியதில்லை.

"புதன்கிழமை நான் வீட்ல இருந்தா அத்தை பருப்பு அரைச்சு வைன்னு சொல்லுவாங்க. லீவுன்னா எனக்கு அது ரெண்டாவது ஆபீஸ்."

"லீவுன்னு ஏன் சொல்ற? எப்பவும்போல எட்டரைக்குக் கிளம்பு. பேரூர் பஸ் ஏறு. பட்டீஸ்வரர் கோயில்ல கனகசபைத் தூணுக்குப் பக்கத்துல உக்காரு. நடை சாத்தினா நொய்யல் பக்கம் போ. எப்பவும்போல ஆறு மணிக்கு வீட்டுக்கு வா."

சிரித்தாள். பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அப்ப டிபன் பாக்ஸ் கட்டிக்கணுமாக்கா?" என்று கேட்டாள்.

கட்டிக்கொள்ளச் சொன்னேன்.